ஒரே முகம், வேறு வம்சம்

சார்லி வெரோனின் ‘கோரல்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ 2000இல் மூன்று தொகுதிகளாக வந்தது. பவளங்களைப் பற்றி இதைவிட அழகான புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இதை மடியில் வைத்துக்கொண்டு கரீபியனையும் இந்தோனேசியப் பக்கத்துக் கடலையும் ஒப்பிட உட்கார்ந்தால் ஓரிடத்தில் கால் இடறுகிறது.

எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூ கினியை உள்ளடக்கிய பவள முக்கோணத்தில் பாறை கட்டும் இனங்கள் 500க்கும் மேல். கரீபியன் முழுக்கச் சலித்தாலும் 60, 70தான். அக்ரோபோராவை மட்டும் எடுங்க: பசிபிக் பக்கம் நூற்றுக்கும் மேல், கரீபியனில் ரெண்டு, அந்த ரெண்டுக்கும் பிறந்த கலப்பு ஒன்று. மேஜை போல விரியும் அக்ரோபோரா அங்கே கிடையவே கிடையாது. கடல் விசிறிகளும் கடற்பஞ்சுகளும்தான் கண்ணை நிறைக்கும்.

இடறுவது உருவத்தில். மான்டாஸ்ட்ரேயா, ஃபேவியா என்ற பேரினங்களில் இரண்டு கடல்களின் பவளங்களையும் வெரோன் ஒன்றாக வைக்கிறார். எலும்புக்கூட்டின் சாயல் அப்படி. 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மரபணு ஆய்வு அந்தக் குடும்பப் படத்தைக் கிழித்துவிட்டது. பனாமா நிலப்பாலம் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலை அடைத்ததே, அதற்கும் வெகுகாலம் முன்பே பிரிந்த வம்சங்கள் இவை. பசிபிக் ஃபேவியாக்களுக்கு இப்போது டிப்சாஸ்ட்ரேயா என்று பெயர்.

அன்று எல்லோரும் எலும்பைப் பார்த்துத்தான் வகைப்படுத்தினார்கள், சரி. ஆனால் ஒளியும் அலையும் மாறினால் ஒரே இனம் வேறு உருவம் எடுக்கும் என்று படம் படமாகக் காட்டுகிறவரும் இவரேதான். அந்தச் சந்தேகத்தைக் கடல் தாண்டியும் கொண்டுபோயிருக்கணும்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. 1970களின் கடைசியில் வெண்பட்டை நோய் பரவி, கரீபியனின் அந்த ரெண்டு அக்ரோபோராக்களும் பெருமளவில் செத்தன. அலை மோதும் ஆழமற்ற இடத்தில் எல்க்ஹார்ன் பவளம் செய்த வேலைக்கு மாற்று ஆள் இல்லை. பேக்கப் இல்லாத சர்வர் கதைதான். அப்போ நூறு இனம் இருந்தால் தப்பிக்கலாமா? 2016இல் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதி வெப்பத்தில் வெளுத்தபோது மேஜைப் பவளங்களும் மான்கொம்புப் பவளங்களும் சேர்ந்தே சரிந்தன. அத்தனையும் அக்ரோபோரா. ஒரே ரேக்கில் நூறு சர்வர். எது எதற்கு நிஜமான சொந்தம் என்று தெரியாமல் இனங்களை எண்ணினால் அந்த ரேக் கண்ணில் படாது. வெரோனின் தொகுதிகளில் எனக்குக் குறையாகத் தெரிவது அதுதான். படங்களுக்காக இன்னும் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.