கையில் சீட்டே இல்லாமல் ஒரு ஆட்டம்

ஆட்டம் எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். எண்டர்பிரைஸ் கப்பலின் என்ஜின் செத்துவிட்டது. ஆயுதங்களும் அப்படியே. எதிரே நிற்கும் பெசாரியஸ் ஒரு ராட்சச உருண்டை. அதன் பக்கத்தில் எண்டர்பிரைஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. உள்ளேயிருந்து பேலாக் என்பவன் பேசுகிறான்: எங்கள் மிதவையின் எச்சரிக்கையை மதிக்கவில்லை, அதை உடைத்தும் விட்டீர்கள், உங்களை அழிக்கப்போகிறோம், பத்து நிமிடம் தருகிறோம், அவரவர் தெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள். கேப்டன் கிர்க்கிடம் ஒரு சீட்டும் இல்லை.

இந்த இடத்தில் கிர்க் ஆடிய ஆட்டத்தைப் பற்றி 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் ஏறக்குறைய அறுபது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். எபிசோடின் பெயர் 'தி கார்போமைட் மனூவர்'. ஜெர்ரி சோல் எழுதியது, ஜோசப் சார்ஜென்ட் இயக்கியது. அமெரிக்காவின் என்பிசி சேனலில் 1966 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பானது. இரண்டு முன்னோட்டப் படங்களுக்குப் பிறகு தொடருக்கென்று முதலில் எடுக்கப்பட்டது இதுதான். ஆனால் ட்ரிக் காட்சிகள் முடிய நாளாகிவிட்டதால் பத்தாவதாகத்தான் வெளியே வந்தது. எந்த வரிசையில் பார்ப்பது என்பதே ரசிகர்களிடையே ஒரு நிரந்தரத் தகராறு. எடுத்த வரிசையில் பார்ப்பவர்கள் பக்கம்தான் நான். டாக்டர் மெக்காயாக டிஃபாரஸ்ட் கெல்லியும் உஹூராவாக நிஷெல் நிக்கல்ஸும் களமிறங்கும் முதல் ஆட்டம் இது. உஹூராவுக்கு இன்னும் அந்தச் சிவப்புச் சீருடைகூடக் கிடைக்கவில்லை, மஞ்சளில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு அணி சேர்ந்துவருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கிர்க் பேலாக்கிடம் அளந்துவிடும் கதை இது: பூமியின் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் கார்போமைட் என்று ஒரு பொருள் இருக்கிறது. எவ்வளவு சக்தியோடு எங்களைத் தாக்குகிறாயோ அவ்வளவு சக்தி திரும்பி வந்து உன்னையும் அழிக்கும். இருநூறு வருடமாக எங்களைத் தாக்கிய எவரும் தப்பியதில்லை. சாவு எங்களுக்குப் பெரிய விஷயமில்லை; உனக்கும் அப்படித்தான் என்றால் இப்போதே தாக்கு, உன் முட்டாள்தனம் சலித்துவிட்டது.

அந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிடம் என்று கெடு வைத்தவன் எதிராளி. கடிகாரம் அவன் கையில் இருக்கிறது. கிர்க் அதைப் பிடுங்கி, 'இப்போதே' என்கிறார். போக்கரில் இதற்கு ரெய்ஸ் என்று பெயர். எதிராளி வைத்த பந்தயத்துக்குச் சமமாக வைக்காமல், அதற்கு மேல் தூக்கி வைப்பது.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பிளஃப் பலித்தது, கிர்க் ஜெயித்தார் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் கிடையாது, பேலாக் ஏமாறவே இல்லை என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சியிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. கடைசிக் காட்சியில் பேலாக்கின் குட்டு உடைகிறது. திரையில் தெரிந்த கோர முகம் வெறும் பொம்மை. நிஜ பேலாக் குழந்தை உயரத்தில் ஒரு ஆள். தனியாக அந்தப் பெரிய கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கிறான், பேச்சுத்துணைக்கு ஏங்குகிறான். உங்கள் உண்மையான நோக்கம் தெரிய வேண்டியிருந்தது, அதற்குத்தான் இந்தச் சோதனை என்கிறான். எங்கள் கப்பலின் பதிவுகளைத்தான் துழாவிவிட்டாயே என்று கிர்க் கேட்க, அவையே நீங்கள் வைத்த பொய்யாக இருக்கலாமே என்று பதில் வருகிறது. பதிவுகளைப் படித்தவனுக்குக் கார்போமைட் என்று ஒன்று இல்லை என்பது தெரிந்திருக்கும். அப்புறம் எப்படி ஏமாறுவான்?

என் கணக்கு வேறு. பேலாக்கின் அந்தப் பதிலே முதல் கட்சிக்குச் சாதகமானது. பதிவுகளை முழுசாக நம்பாதவனிடம்தானே சந்தேகத்தை விற்க முடியும்? கிர்க் விற்றது கார்போமைட்டை அல்ல, சந்தேகத்தை. எதிராளி நூறு சதவீதம் நம்ப வேண்டிய அவசியமில்லை. இந்தச் சின்னக் கப்பலை அழித்தால் அவனுக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம். கதை ஒருவேளை உண்மையாக இருந்தால் போகப்போவது எல்லாம். கிர்க் பக்கமோ இன்னும் சுலபம். சும்மா இருந்தால் சாவு. பொய் சொல்லி மாட்டினாலும் அதே சாவுதான். இழக்க எதுவும் இல்லாதவன் ஆடும் பிளஃபுக்குத் துணிச்சல் பெரிதாக வேண்டாம். அது அந்த நேரத்தில் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

அது தோன்றிய விதமும் அழகு. அதற்குச் சற்று முன்பு மெக்காய் கேப்டனோடு மல்லுக்கு நிற்கிறார். இளம் நேவிகேட்டர் பெய்லி விஷயத்தில் நான் எச்சரித்தேன் என்று மருத்துவப் பதிவில் எழுதுவேன், இது பிளஃப் இல்லை என்று மிரட்டுகிறார். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் கிர்க் சட்டென்று அறிவியல் அதிகாரி ஸ்பாக் பக்கம் திரும்பி போக்கரைப் பற்றிப் பேசுகிறார். கோல் அடித்தவர் பெயர் மட்டும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. பந்தை எடுத்துக் கொடுத்தவர் மெக்காய்.

ஸ்பாக்கின் தோல்வி மனப்பான்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செஸ்ஸில் எதிராளி கை ஓங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது, செக்மேட் என்று அவர் கைவிரித்துவிடுகிறார். இதைச் செஸ் ஆடும் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த எபிசோடுக்கு ஆறு வருடம் முன்பு, 1960 உலக சாம்பியன்ஷிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடிய மிகைல் தால் 21-வது நகர்வில் ஒரு குதிரையைப் பலி கொடுத்தார். அரங்கத்தில் எழுந்த இரைச்சலில் ஆட்டக்காரர்களை உள்ளறைக்கு மாற்ற வேண்டிவந்தது. பிற்பாடு உட்கார்ந்து அலசியவர்கள் அந்தப் பலிக்குச் சரியான பதில் இருந்தது என்று காட்டினார்கள். ஆனால் கடிகாரம் ஓடும்போது எதிரே ஆடிய போட்வின்னிக்குக்கு அது அகப்படவில்லை. தால் ஜெயித்தார், 23 வயதில் பட்டத்தையும் தட்டிச் சென்றார். அது பிளஃப் இல்லையென்றால் வேறென்ன? அதிலும், பிளஃப் என்ற வழி ஸ்பாக்குக்குத் தோன்றாமல் போனது வேடிக்கை. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னும் 1944-ல் எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில், போக்கரில் அவ்வப்போது பிளஃப் அடிப்பதே கணக்குப்படி சரியான ஆட்டம் என்று நிறுவியிருக்கிறார்கள். கப்பலின் அறிவியல் அதிகாரி அதைப் படித்திருக்க வேண்டாமா!

இந்த ஆட்டத்தில் உண்மையான திறமை வெளிப்படும் இடம் கார்போமைட் வசனம் அல்ல என்பது என் கட்சி. கெடு முடிகிறது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பேலாக் கேட்கிறான்: அந்தப் பொருள் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டு. மூணு சீட்டில் கையில் ஒன்றுமில்லாதவன் மாட்டுவது இந்த இடத்தில்தான். 'ஷோ' என்றதும் பேச ஆரம்பித்துவிடுவான். கிர்க் பேசவில்லை. கொஞ்ச நேரம் அவனுக்கும் வியர்க்கட்டும் என்று காக்கவைக்கிறார். அப்புறம் முடியாது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகிறார். ஏதாவது ஒரு சூத்திரத்தை, ஒரு வரைபடத்தை அனுப்பியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் என்றாலே துண்டு துண்டாக வசனம் பேசுபவர் என்று கேலி செய்பவர்கள் இந்தச் சில நொடிகளைத் திரும்பப் பார்க்கட்டும். ஆர்ப்பாட்டமே இல்லை.

நடிப்பில் இந்த எபிசோடின் பெரிய லாபம் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய்க்கு. முதல் முன்னோட்டப் படத்தில் ஸ்பாக் சிரிக்கிறார், கத்துகிறார். பாத்திரம் இன்னும் பிடிபடவில்லை. இங்கே ஆபத்து திரையில் தெரியும்போது அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வசனம்: 'ஃபாசினேட்டிங்'. மற்றவர்களைப் போலவே பதற்றத்தோடு சொல்லிப் பார்த்திருக்கிறார். நீ மட்டும் தனித்து நில், விஞ்ஞானியாக விலகி நின்று பார் என்று சார்ஜென்ட் சொன்னதாகவும், ஸ்பாக் யாரென்று தனக்குப் புரிந்ததே அந்த நேரத்தில்தான் என்றும் நிமாய் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். ஒரு பயிற்சியாளர் ஒரு வாக்கியத்தில் ஒரு ஆட்டக்காரரின் ஸ்டைலையே மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்வது கஷ்டம்.

பெய்லிதான் பலருக்குக் கடுப்பு. அந்தோணி கால் நடித்த இளம் நேவிகேட்டர். தொடக்கத்திலிருந்தே குரல் உயர்கிறது, கடைசியில் கட்டுப்பாடு இழந்து கத்த, கிர்க் பணியிலிருந்து விலக்குகிறார். இவ்வளவு பதறுபவனை அந்த நாற்காலியில் யார் உட்காரவைத்தது என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். மெக்காயும் அதையேதான் கேட்கிறார்: சீக்கிரமே பதவி உயர்வு கொடுத்துவிட்டாய், பதினோரு வருடம் முந்தைய உன்னையே அவனிடம் பார்க்கிறாயோ என்று. தேர்வுக்குழு செய்த தப்பைக் கதையே ஒப்புக்கொள்கிறது. பிறகு கெடுவின் கடைசி நேரத்தில் பெய்லி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார அனுமதி கேட்கிறான், கிர்க் சம்மதிக்கிறார். ஜார்ஜ் டகேயின் சூலு பக்கத்தில் அசையாமல் வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த நிதானம் இல்லாவிட்டால் பெய்லியின் பதற்றம் இவ்வளவு உறுத்தியிருக்காது.

குறைகள் உண்டு. முதல் பாதி இழுவை. சுழலும் அந்தக் கனசதுர மிதவையின் முன்னால் பதினெட்டு மணி நேரம் காத்திருந்த கதையை நாமும் சேர்ந்து காத்திருப்பது போலவே எடுத்திருக்கிறார்கள். ஃப்ரெட் ஸ்டைனரின் பின்னணி இசைதான் பல இடங்களில் முட்டுக்கொடுக்கிறது. பெண்களுக்கு வேலை குறைவு. உஹூரா அலைவரிசையைத் திறந்துவைத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்; உதவியாளர் ராண்டுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை. ஆனால் சமையலறையில் மின்சாரம் இல்லாதபோது கைத்துப்பாக்கியின் கதிரால் காபியைச் சூடுபண்ணிக் கொண்டுவருகிறார் பாருங்கள், அந்தக் கப்பலில் அன்றைக்கு உருப்படியாக ஏதாவது கண்டுபிடித்தவர் அவர்தான். பொம்மைக்குப் பின்னால் இருந்த நிஜ பேலாக், கிளின்ட் ஹோவர்டு என்ற ஏழு வயதுப் பையன். குரலை வேறொருவர் கொடுத்திருக்கிறார். அந்த முடிவைக் குழந்தைத்தனம் என்று உதறுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பயமுறுத்தும் முகம் பொம்மையாக முடிந்தது பொருத்தம்தான். பிளஃப் அடித்தவர்கள் இரண்டு பேர். 1967 ஹ்யூகோ விருதுப் பரிந்துரைப் பட்டியலிலும் இந்த எபிசோடு இருந்தது. விருது அதே தொடரின் 'தி மெனாஜரி'க்குப் போனது.

கார்போமைட் அதோடு தீர்ந்துவிடவில்லை. 1967 டிசம்பரில் வந்த 'தி டெட்லி இயர்ஸ்' எபிசோடில் ரோமுலன் கப்பல்கள் சூழ்ந்துகொள்ள, கிர்க் அதே சரக்கைத் திரும்ப எடுக்கிறார். இந்த முறை எதிராளியிடம் நேராகச் சொல்லவில்லை. ரோமுலன்கள் ஏற்கெனவே உடைத்துவிட்ட ஒரு சங்கேத முறையில் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்புகிறார்: கார்போமைட் கருவியால் கப்பலை அழித்துக்கொள்ளப்போகிறோம், நம் கப்பல் எதுவும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று. ஒட்டுக்கேட்பவர்கள் தாங்களாகவே கேட்டுத் தாங்களாகவே நம்பிப் பின்வாங்குகிறார்கள். முதல் எபிசோடு கொண்டாடப்படும் அளவுக்கு இதை யாரும் கொண்டாடுவதில்லை. ஆட்ட நுணுக்கம் என்று பார்த்தால் இரண்டாவது பிளஃப்தான் ஒரு படி மேல்.