கணக்கில் வராத செல்வாக்கு: ஃப்ரீ பேசிக்ஸ் பரப்புரையும் வெளிப்படுத்துகைச் சட்டங்களின் எல்லையும்

அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாக்க நிறுவனங்கள் மேற்கொள்ளும் முயற்சிகளை வெளிப்படுத்துகைச் சட்டங்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களால் அறிகின்றன: யார் யாரை அணுகினர், எவ்வளவு செலவாயிற்று. அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டு லாபியிங் வெளிப்படுத்துகைச் சட்டம் இதற்குச் சான்று. காங்கிரஸ் அவையினரையும் உயர் அலுவலர்களையும் தொழில்முறையில் நேரடியாக அணுகுவோரே அதன் வரம்புக்குள் வருவர். பொதுமக்களைத் தூண்டி அவர்கள்வழி அழுத்தம் தருவது அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறது. இந்தியாவிலோ லாபியிங்கை முறைப்படுத்தும் தனிச்சட்டமே இல்லை.

இந்த இடைவெளியின் தன்மையை ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் பரப்புரை புலப்படுத்துகிறது. தெரிவு செய்யப்பட்ட சில இணையதளங்களை மட்டும் தரவுக் கட்டணமின்றி அளிக்கும் இத்திட்டம், 2015 பிப்ரவரியில் இன்டர்நெட்.ஆர்க் என்னும் பெயரில், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாகத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில், தரவுச் சேவைகளுக்கு வேறுபட்ட கட்டணங்களை அனுமதிக்கலாமா என இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றினும் வலிய கருவி அதன் கையிலேயே இருந்தது. முன்னரே எழுதப்பட்ட ஆதரவு மடலை ஆணையத்துக்கு அனுப்புமாறு தன் தளத்திலேயே பயனர்களை அது வேண்டியது. இலட்சக்கணக்கான மடல்கள் குவிந்தன. தான் எழுப்பிய 4 வினாக்களுக்கு அவற்றில் விடை இல்லை என்று சுட்டிய ஆணையம், கலந்தாய்வு ஏற்பாடு செய்யப்பட்ட கருத்துக்கணிப்பாகச் சுருக்கப்படுவதை 2016 சனவரியில் கண்டித்தது. பிப்ரவரி 8இல் பாகுபாடான தரவுக் கட்டணங்களைத் தடைசெய்தது.

எதிர்த்தரப்பும் ஒரே வார்ப்பில் அமைந்த மடல்களையே திரட்டியது என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. 2015 ஏப்ரலில் இணையச் சமநிலையை ஆதரித்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் இவ்வாறே சென்றன. ஆகவே, மடலின் வார்ப்பைக் குறையாகக் கொள்ளவியலாது. வேறுபாடு, மடல் திரட்டிய வழி யாருடைய உடைமை என்பதில் உள்ளது. இணையச் சமநிலை இயக்கத்தார் மக்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஃபேஸ்புக்கோ வழக்கில் ஒரு தரப்பாகவும், மக்கள் கூடிப் பேசும் மன்றத்தின் உரிமையாளராகவும் ஒருங்கே விளங்கியது. யார் திரையில் எந்த வேண்டுகோள் எத்தனை முறை தோன்ற வேண்டும் என்பதை முடிவுசெய்யும் ஆற்றல் அதனிடமே இருந்தது. அந்த இடத்தைப் பிறர் வாங்கியிருப்பின் அது விளம்பரச் செலவாகக் கணக்கேறியிருக்கும். உரிமையாளருக்கு அது செலவாகவே தோன்றுவதில்லை. செலவை அளக்கும் சட்டம் இங்கு அளப்பதற்கு எதையும் காண்பதில்லை.

இப்பரப்புரை கண்ணுக்குத் தெரிந்ததால் ஆணையம் அதனை எடைபோட முடிந்தது. தேடல் முடிவுகளின் வரிசையையோ செய்தியோடையின் ஒழுங்கையோ மாற்றி இதே அழுத்தம் தரப்படுமாயின், வெளியிலிருந்து அதனை அறிவது மிக அரிது. எனவே சந்திப்பையும் செலவையும் பதிவுசெய்வதோடு சட்டம் நின்றுவிடலாகாது. தன் நலன் சார்ந்த கொள்கை விவாதத்தில் ஒரு தளம் தன் பயனர்களுக்கு எச்செய்தியை, எத்தனை பேருக்கு, எவ்வடிவில் காட்டியது என்பதும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதுவரை, கலந்தாய்வுக்கு வரும் குரல்களில் மக்களுடையது எது, மன்றத்தின் உரிமையாளருடையது எது என்று பிரித்தறியும் பொறுப்பை ஒழுங்குமுறை அமைப்புகளே தனித்துச் சுமக்க நேரும்.