பொம்மக்கா, திம்மக்கா: பிறப்பும் பழியும்

திருநெல்வேலி வில்லுப்பாட்டுக்களுள் ஒன்றான முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. பூணூல் களைந்து செருப்புத் தைத்த அந்தணன்மேலேயே இக்கதை பற்றிய ஆராய்ச்சி செல்லுதல் இயல்பு. அவன் பொருட்டு எரிபுகுந்து தெய்வமாகிய சகோதரியர் இருவரும் ஈண்டு நோக்கற்பாலர்.

ஆரியநாயகிபுரத்து முத்துப்பட்டன், சேரநாடு சென்று மீளும் வழியில், மலைச்சாரலில் இவ்விருவர் பாடலைக் கேட்டு நெஞ்சிழக்கிறான். மகளிர் அஞ்சி ஓடுகின்றனர். செருப்புத் தைக்கும் குலத்தவனாகிய தந்தை வாலப்பகடையோ, பூணூலும் குடுமியும் களைந்து நாற்பது நாள் செருப்புத் தைத்து விற்றால் மகளிரைத் தருவதாகக் கூறுகிறான். தமையன்மாரின் தடையை மீறி அவன் அவ்வாறே செய்து மணக்கிறான். மணநாளிலேயே ஆநிரை கவர்ந்தாரோடு பொருது மாள்கிறான். சகோதரியர் சிங்கம்பட்டி அரசன்பால் விடைபெற்று எரிபுகுகின்றனர்.

இம்மகளிர் பிறப்பால் உயர்குலத்தார் என்றும், வாலப்பகடை அவர்களைக் கண்டெடுத்து வளர்த்தான் என்றும் ஒரு பகுதி இக்கதையில் வழங்குகிறது. அது பிற்காலத்து இடைச்செருகல் என்பார் வானமாமலை. அக்கருத்து எமக்கும் உடன்பாடே. எனினும் அவர் காட்டும் சமுதாயக் காரணத்தோடு கதையின் உள்ளமைதியையும் சான்றாகக் கொள்ளலாம். மகளிர் உயர்குலத்தாராயின் முத்துப்பட்டன் துறந்தது யாது? நாற்பது நாள் உழைப்பு வீண் வேடமாகும். தமையன்மார் இழைத்த கொடுமையும் உண்மை அறியாமையால் நேர்ந்த பிழையாகச் சுருங்கிவிடும். பழி ஒருவரையும் சாராது நழுவிப்போகும். அங்ஙனம் நழுவச் செய்தலே செருகியோர் நோக்கம் போலும்.

இதனினும் வலிய சான்று ஏட்டுக்குப் புறத்தே உளது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு அடியவர் இன்றும் தோற்செருப்பையே காணிக்கை ஆக்குகின்றனர். தெய்வம் அணிந்து நடத்தலால் அச்செருப்புத் தேய்கிறது என்பது அவர்தம் நம்பிக்கை. பாடம் மறைக்க முயன்றதை வழிபாடு மறக்கவில்லை.

ஆயினும் செருகலை நீக்கிய அளவில் ஐயமெல்லாம் அகன்றதாகக் கருதலாகாது. முதலில் அஞ்சி ஓடிய மகளிர் பின்னர் மனம் இசைந்தனரா, தந்தை சொல்லுக்கு அடங்கினரா? நிபந்தனை விதித்தவன் தந்தை, நிறைவேற்றியவன் முத்துப்பட்டன், இடையில் அவ்விருவர் உள்ளம் எங்கே வெளிப்படுகிறது? அரசன் தடுத்தும் எரிபுகத் துணிந்து நிற்குமிடத்தே அவர்கள் குரல் ஓங்கி ஒலிக்கிறது. அதனைக் கற்பின் வெற்றி எனப் போற்றுவாரும் உளர். எமக்கோ அவ்விடம் அச்சந்தருவதாகவே தோன்றுகிறது. மணத்தின்கண் தம் விருப்பத்தை வாய்விட்டுரையாத மகளிர், சாவின்கண் மட்டும் அரசனோடு எதிர்நின்று வழக்காடுகின்றனர். அவ்வழக்கில் அவர்கள் வென்றமையாலேயே மக்கள் அவர்களைத் தொழுகின்றனர்.