பழைய ஜீப்புக்கு எந்த அலாரம்?

டெக்சஸ் மாநிலம் இர்விங்கில், வேலி ராஞ்ச், லாஸ் கொலினாஸ் பக்கத்து அடுக்ககங்கள் பலவற்றில் வண்டிகள் இரவெல்லாம் திறந்தவெளியில்தான் நிற்கின்றன. அப்படி நிற்பது 1997க்கும் 2006க்கும் இடையே வந்த ஜீப் ரேங்ளர் என்றால், வெளியே வாங்கிப் பொருத்தும் அலாரம் ஒன்றைத் தேடுவது இயல்பு. தேடும் நோக்கம் சரி. தேர்ந்தெடுக்கும் அளவுகோல்தான் தவறிவிடுகிறது. சைரன் எத்தனை டெசிபல், ரிமோட் எவ்வளவு தூரம் எட்டும், செல்போன் செயலி உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, திருடன் ஏறி உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்புமா, கிளம்பாதா என்பதுதான்.

அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் ஆய்வு அமைப்பான ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிடியூட் 1997-இல் இழப்பீட்டுக் கணக்குகளை அலசி, அலாரம் உள்ள கார்களில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறையவில்லை என்று கண்டது. அதே அமைப்பு 2024-இல் ஹூண்டாய், கியா கார்களைப் பற்றிச் சொன்னது இன்னும் தெளிவானது. உரிய சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்புவதைத் தடுக்கும் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட அந்தக் கார்கள் ஏராளமாகத் திருடுபோனதால், 2023-இல் மென்பொருள் திருத்தம் வந்தது. அது அலாரம் ஒலிக்கும் நேரத்தை 30 விநாடியிலிருந்து 1 நிமிடமாக நீட்டியது. சாவி இக்னிஷனில் இல்லாமல் எஞ்சின் கிளம்பாதபடியும் செய்தது. திருத்தம் பெற்ற கார்களில் திருட்டு பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் உடைத்துச் சேதப்படுத்துவது கூடியது. உடைக்க வந்தவர்களை ஓசை விரட்டவில்லை. ஓட்டிப்போக முடியாமல் செய்ததுதான் கார்களைக் காத்தது.

பழைய ரேங்ளரில் ஓசையின் பலவீனம் இன்னும் அதிகம். பானெட்டின் இரு தாழ்களும் வெளிப்புறத்தில் இருக்கின்றன. பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைக் கழற்றினால், தனி பேட்டரி இல்லாத சைரன் அந்த நொடியே ஊமையாகிவிடும். துணிக்கூரையைக் கத்தியால் கிழித்து உள்ளே நுழைபவன் கதவைத் திறப்பதே இல்லை. கதவு சுவிட்சை நம்பிய அலாரத்துக்கு எதுவும் தெரியாது. அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் கூட்டி வைத்தால், வசந்தகால இடிக்கும் ஆலங்கட்டி மழைக்கும் அலறும். அக்கம்பக்கத்தார் கேட்டும் கேளாதவர்களாகிவிடுவார்கள். ஸ்டார்ட்டரை மட்டும் துண்டிப்பதும் போதாது. மேனுவல் கியர் வண்டியைத் தள்ளியே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்பதால், ஃபியூயல் பம்புக்குப் போகும் மின்சாரத்தையும் தடுத்தாக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் இப்படி மின்சாரத்தைத் துண்டிக்கும் கூடுதல் ரிலே பழுதானால், ஆளில்லாத காட்டுப் பாதையில் உரிமையாளரே சிக்கிக்கொள்வார். அதற்கு விடை வயரிங் முறையில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. ஆகவே அலாரத்துக்கு மின்சாரம் நின்றாலும் தடுத்தே வைக்கும் கண்டிப்பான முறையை அங்கே பயன்படுத்தலாம். ஃபியூயல் பம்ப் அப்படியல்ல. 635 நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அது நின்றால் உயிருக்கே ஆபத்து. அங்கே, பூட்டிய நிலையில் மட்டும் துண்டிக்கும் ரிலேதான் சரி. இணைப்புகளை ஈயப்பற்று வைத்து, டாஷ்போர்டுக்குள் நீர் எட்டாத உயரத்தில் மறைத்துப் பொருத்த வேண்டும்.

எஞ்சினைத் தடுக்க, சில டாலர் விலையுள்ள மறைவு சுவிட்சே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அது நல்ல காவல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் மறக்காமல் அணைக்க வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் கருவிக்கு அந்தக் குறை இல்லை. செயலியை முழுதாக நம்புவதும் கூடாது: 2019-இல் பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம், வைப்பர், பண்டோரா அலாரங்களின் செயலிக் கணக்குகளைப் பிறர் கைப்பற்ற முடியும் என்று காட்டியது, குறைகள் பின்னர் சரிசெய்யப்பட்டன. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில் ரிமோட் ஸ்டார்ட் ஆசை காட்டும். ஆனால் கியரில் நிற்கும் மேனுவல் வண்டி அதனால் முன்னே பாய்ந்துவிடக்கூடும்.

சைரனே வேண்டாம் என்பதல்ல என் வாதம். உள்ளே கிடக்கும் பொருளைத் திருட வருபவனை அது சில நேரம் கலைக்கும். ஆனால் டெக்சஸ் சட்டம் கட்டாயமாக்குவது மற்றவருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டை மட்டுமே. அதோடு நிறுத்திக்கொண்டவருக்குத் திருடுபோன ஜீப்புக்காக ஒரு டாலரும் வராது. ஆகவே முதல் செலவு எஞ்சினைத் தடுக்கும் ரிலேக்களுக்கும் அவற்றைப் பொருத்தும் நல்ல கைக்கும். அடுத்தது பானெட் பூட்டுக்கு. மிஞ்சுவது தனி பேட்டரி கொண்ட சைரனுக்கு. பட்ஜெட் குறைந்தால் சைரனைத்தான் தள்ளிப்போட வேண்டும், ரிலேயை அல்ல.