உரைமரபில் தடையும் விடையும்: மூன்றாம் கூற்று இல்லாத உரையாடல்

ஒரு கூற்றின் பயனை அதன் வடிவம் மட்டும் உணர்த்துவதில்லை. எக்கூற்றை அடுத்து அது நிற்கின்றது என்பதும் உணர்த்துகின்றது. சாக்ஸ், செக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் உரையாடலின் முறைவைப்புப் பற்றி 1974இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இந்நோக்கு மொழியியலில் வலுப்பெற்றது. எனினும் இது தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. வினாவிற்கு எதிராக வரும் வினாவும் செப்பாகும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கொண்டுள்ளார். 'விழாவிற்கு வருவாயா?' என்பார்க்கு 'வாராதிருப்பேனா?' என்பது வடிவத்தால் வினா, இடத்தால் விடை.

இவ்வொற்றுமை கருதி, உரையாசிரியர்களின் கருத்து மாறுபாடுகளையும் உரையாடல் என்றே கூறுவது வழக்கமாகி வருகின்றது. இஃது ஓரளவே பொருந்தும். சொல்லதிகாரத்தில் சேனாவரையர் இளம்பூரணரை 'உரையாசிரியர்' எனச் சுட்டி மறுக்கின்றார். நச்சினார்க்கினியர் சேனாவரையரைப் பலவிடத்துத் தழுவியும் சிலவிடத்து மறுத்தும் செல்கின்றார். தடை, விடை, மேல்தடை என்னும் தொடர்ச்சி இங்குத் தெளிவு. ஆயின் நேருரையாடலில் முதலிற் பேசியவர்க்கு மூன்றாம் கூற்று ஒன்று உண்டு. 'யான் கருதியது அதுவன்று' எனத் திருத்தும் வாய்ப்பே அது. காலத்தால் முற்பட்ட உரைகாரர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. மறுப்பவர் எடுத்துரைக்கும் வடிவிலேயே அவர் கருத்து நிலைபெறுகின்றது.

பெயர் சுட்டாது 'என்பாரும் உளர்' என ஒதுக்கப்படும் கொள்கைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவற்றுட் சிலவற்றிற்கு மறுத்தவரின் வாக்கன்றி வேறு சான்று இல்லை. அவ்விடங்களில் மறுப்பின் வன்மையை மட்டும் கண்டு, மறுக்கப்பட்ட கருத்து வலுவற்றது எனத் துணிதல் ஆய்வு நெறியாகாது. எடுத்துரைப்பு வேறு, மதிப்பீடு வேறு எனப் பிரித்துணர்தல் வேண்டும்.

மூலம் கிடைக்குமிடத்து நிலைமை மாறுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கத்தை மறுத்து, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் இலக்கண விளக்கச் சூறாவளியை எழுதினார். மறுப்பையே நோக்கமாகக் கொண்ட அந்நூலை மட்டும் கற்பவர், தேசிகர் நூலின் அமைப்பையும் பரப்பையும் அறிய இயலாது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1889இல் இலக்கண விளக்கத்தைப் பதிப்பித்ததன் பயன் இங்கு நினைக்கத்தக்கது. குற்றம் சாட்டப்பெற்ற நூல் கற்பார் கைக்கு எட்டியது. இருபுறமும் கேட்டுத் துணிய வழி பிறந்தது.

ஒரே நூற்பாவின்கீழ்ப் பல உரைகளைத் தொகுத்துத் தரும் பதிப்புகள் பெரும்பயன் உடையன. ஆயினும் கால வரிசையில் அடுக்குதல் மட்டும் அமையாது. எவ்வுரையின் எப்பகுதிக்கு எது மறுப்பு, மறுப்பவர் முன்னவர் சொற்களை உள்ளவாறு எடுத்தாண்டாரா, சுருக்கினாரா, திரித்தாரா என்பனவும் குறிக்கப்பெறுதல் வேண்டும். அந்த மூன்றாம் கூற்றை இனி உரைகாரர் கூற இயலாது. அவர் பொருட்டு அதனைக் கூறும் கடமை பதிப்பாசிரியரையும் ஆய்வாளரையும் சார்ந்ததாகும்.