ஒன்பதாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறவர்கள்

2009-இல் ‘டைம்’ இதழ் உலகை மாற்றிவரும் பத்துச் சிந்தனைகளைப் பட்டியலிட்டபோது, புதிய கால்வினியத்துக்கு மூன்றாம் இடம் தந்தது. ஜான் பைப்பர், ஆர். சி. ஸ்ப்ரௌல் போன்ற அமெரிக்கப் போதகர்களின் பிரசங்கங்கள் வழியே அந்த அலை தமிழ்ச் சபைகளின் இளைஞர்களையும் தொட்டிருக்கிறது. யார் இரட்சிக்கப்படுவார் என்பதை உலகத்தோற்றத்துக்கு முன்பே தேவன் தீர்மானித்துவிட்டார், மனித சித்தம் அதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது அவர்கள் வாதம். மறுத்துப் பேசுகிறவரிடம் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “ரோமர் ஒன்பதை வாசித்ததில்லையா?” வாசித்திருக்கிறேன். அந்த அதிகாரத்தை அவர்கள் வாசிக்கிற முறையோடுதான் எனக்கு நெடுநாளாகப் பிணக்கு.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருபையை யாரும் சம்பாதிக்க முடியாது என்பதை அவர்கள் அளவுக்கு அழுத்திச் சொல்வோர் இன்று குறைவு. காணிக்கைக்கு ஈடாக ஆசீர்வாதம் பேசும் மேடைகளில் சலித்துப்போன இளைஞன் இந்தப் போதனைக்கு வந்ததும் மூச்சுவிடுகிறான். எதிரணியின் பதிலும் வலுவானதல்ல. ஒருவர் விசுவாசிப்பார் என்று முன்னறிந்தே தேவன் அவரைத் தெரிந்துகொண்டார் என்கிறார்கள் இறையியலாளர் அர்மீனியஸின் வழிவந்தவர்கள். ஏசா, யாக்கோபு என்ற பிள்ளைகள் பிறக்குமுன்னே, நன்மை தீமை செய்யுமுன்னே நடந்தது என்று பவுல் வற்புறுத்தும் இடத்தில் அந்த விளக்கத்துக்கு இடமே இல்லை. கால்வினையும் அவர் பெயரால் பேசுவோரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. தம் பெருநூலின் 1559 பதிப்பில் அவர் முன்குறித்தலை மூன்றாம் புத்தகத்தில்தான், அதுவும் ஜெபத்தைப் பற்றிய நீண்ட அதிகாரத்தை முடித்த பிறகுதான், எடுத்துப் பேசினார்.

இனி என் குறைக்கு வருகிறேன். ரோமர் நிருபத்தின் 9, 10, 11 ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே வாதம். அதன் முதற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தனிமனிதர்களின் நித்திய விதிக்குச் சட்டமாக்கும் பழக்கம் மிகப் பழையது. ஏறத்தாழ 396-இல் மிலான் நகரத்துச் சிம்ப்ளிசியன், அகஸ்டினிடம் விளக்கம் கேட்டது ரோமர் 9:10 முதல் 29 வரையிலான பகுதிக்கு. அந்தப் பதிலை எழுதும்போதுதான், விசுவாசத்தின் தொடக்கமும் தேவன் தரும் கொடையே என்ற முடிவுக்கு அகஸ்டின் வந்தார். மேற்கத்திய சபையின் முன்குறித்தல் போதனை அங்கே வேர்விட்டது. கேள்வி இருபது வசனங்களைப் பற்றியது. பதிலும் அந்த எல்லைக்குள்ளேயே உருவானது.

இன்றைய அலையின் அடித்தள நூல்களில் ஒன்று, பைப்பர் 1983-இல் வெளியிட்ட ‘தி ஜஸ்டிஃபிகேஷன் ஆஃப் காட்’. மிகுந்த உழைப்பில் விளைந்த ஆய்வு அது. ஆனால் அதன் துணைத்தலைப்பே ரோமர் 9:1 முதல் 23 வரை என்று எல்லை போட்டுவிடுகிறது. 23-ஆம் வசனத்தில் பவுலின் வாக்கியம்கூட முடியவில்லை! கிருபைக்குரிய பாத்திரங்கள் யார் என்பதை அடுத்த வசனம்தான் சொல்கிறது: யூதரிலிருந்து மட்டுமல்லாமல் புறஜாதியாரிலிருந்தும் அழைக்கப்பட்ட நாம். குயவனையும் களிமண்ணையும் பற்றிப் பேசியவர் அந்தப் பாத்திரங்களைத் தாமே அடையாளம் காட்டும்போது, ஆய்வின் எல்லை அதற்கு ஒரு வசனம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

பவுலை வாட்டும் கேள்வி, இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் பொய்த்துப்போனதா என்பது. எனவே அவர் எடுக்கும் சான்றுகளில் மக்களினங்களின் வரலாறு இருக்கிறது. ரெபெக்காளிடம் சொல்லப்பட்டது அவள் வயிற்றில் இரண்டு ஜாதிகள் இருப்பதாக. மல்கியா பேசுவது ஏசாவின் வழிவந்த ஏதோமைப் பற்றி. ஏசா என்ற தனிமனிதன் யாக்கோபுக்கு ஊழியம் செய்ததாக ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. அங்கே ஏழுதரம் தரையில் குனிந்து வணங்கி, தன்னை அடியான் என்று சொல்லிக்கொண்டவன் யாக்கோபுதான். குயவனை எரேமியா 18-இல் பார்க்கலாம். கையிலிருந்த பாண்டம் கெட்டுப்போகிறது, குயவன் அதை வேறு பாண்டமாக வனைகிறான். உடனே தேவன் பொருளும் சொல்கிறார்: ஒரு ஜாதி தன் தீமையை விட்டுத் திரும்பினால், தாம் நினைத்த தண்டனையைத் தாமும் விட்டுவிடுவார். குயவனின் அதிகாரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏன் திறப்பதே இல்லை?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, பைப்பரே அதை வைக்கிறார். பவுலின் துக்கம் கிறிஸ்துவைவிட்டு அறுபட்டுக் கிடக்கும் மனிதர்களைப் பற்றியது; இஸ்ரவேலில் பிறந்த எல்லாரும் இஸ்ரவேலர் அல்ல என்று அவர் பிரிப்பது இஸ்ரவேலுக்குள்ளேயேதான்; ஆகவே பேச்சு தனிமனிதரின் இரட்சிப்பைப் பற்றியதே. சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அதே மனிதர்களைப் பதினோராம் அதிகாரம்வரை பின்தொடர வேண்டுமல்லவா? அங்கே அவர்கள் கடினப்பட்டவர்கள். விழுந்துபோகும்படிக்கா இடறினார்கள் என்று பவுல் கேட்கிறார், இல்லவே இல்லை என்கிறார். தம் ஊழியத்தால் அவர்களுக்கு வைராக்கியம் எழுந்து சிலராவது இரட்சிக்கப்பட வேண்டும் என்று தவிக்கிறார். அவிசுவாசத்தில் நிலைத்திராவிட்டால் அவர்களும் ஒலிவ மரத்தில் மறுபடி ஒட்டவைக்கப்படுவார்கள் என்கிறார். ஒட்டவைக்கப்பட்டு நிற்கும் புறஜாதியானிடமோ, நீயும் வெட்டப்படலாம், பயந்திரு என்று எச்சரிக்கிறார். நித்தியத்துக்கும் பூட்டப்பட்ட இரண்டு பட்டியல்கள் இருந்தால் இந்தத் தவிப்புக்கும் எச்சரிக்கைக்கும் என்ன பொருள்?

ஒன்பதில் தனிமனிதர், பதினொன்றில் ஜாதி என்று சிலர் பதில் சொல்கிறார்கள். தமக்கு வேண்டிய இடத்தில் தனிமனிதரையும் வேண்டாத இடத்தில் ஜாதியையும் நிறுத்திக்கொள்ளும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? சீர்திருத்த மரபுக்குள்ளேயே நின்ற கார்ல் பார்த், 1942-இல் வெளிவந்த தம் ‘சபைக் கோட்பாட்டியல்’ பகுதியில் இந்த மூன்று அதிகாரங்களையும் ஒன்றாகவே எடுத்து விளக்கினார். அவர் முடிவுகள் எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பவுலைப் பேசி முடிக்க அவர் விட்டார்.

நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618–19-இல் கூடிய சங்கம் விடவில்லை. அர்மீனியஸின் வழிவந்தவர்களைக் குற்றவாளிகளைப்போல் அழைத்துவைத்து விசாரித்து, 1619 ஜனவரியில் அவையிலிருந்தே வெளியேற்றிய சங்கம் அது. அதன் தீர்மானங்களின் முதல் தலைப்பினுடைய கடைசிக் கூறு, முன்குறித்தலைக் கேட்டு முறுமுறுப்பவர்களுக்கான பதில். தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்க நீ யார் என்ற ரோமர் 9:20-ஐக் காட்டி முதலில் அவர்கள் வாயை அடைக்கிறது. பிறகு தேவ ஞானத்தின் ஆழத்தை வியக்கும் 11:33–36-ஐச் சொல்லி முடிக்கிறது. 33-இல் பவுலுக்கு அந்த வியப்பு பொங்கக் காரணமாயிருந்த 32-ஆம் வசனம் அந்தப் பதிலில் இல்லை. எல்லார்மேலும் இரங்கும்படிக்கே தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டார் என்பது அந்த வசனத்தின் செய்தி. அதிலிருந்து எல்லா மனிதரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நான் வாதிடவில்லை. யூதர், புறஜாதியார் என்ற இரு சாராரையுமே அது குறிக்கலாம். அப்படியிருந்தாலும் பவுல் கைகளை உயர்த்தித் துதித்தது அந்த இரக்கத்தின் விரிவைக் கண்டு. டார்ட் சங்கம் அதே துதியை எடுத்து, சிலர் என்றென்றைக்கும் கைவிடப்பட்டார்கள் என்ற தீர்மானத்தின் கீழே எழுதிவைத்தது.