அடக்கி வாசித்தவர்

ஜாஸ் பியானோக்காரர் அகமது ஜமாலைப் பற்றி எழுத உட்காருபவர் முதலில் இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்க ஜாஸ் விமர்சகர்கள் பலர், அவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் வில்லியம்ஸ், ஜமாலை மது விடுதிப் பியானோக்காரர் என்று ஒதுக்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து இன்னொரு விமர்சகர் ஸ்டான்லி கிரௌச் வந்து, சார்லி பார்க்கருக்குப் பிறகு ஜாஸின் வடிவத்தைப் புதுப்பித்தவர்களில் ஜமாலை மிஞ்சியவர் இல்லை என்கிற அளவுக்குத் தூக்கி வைத்தார். இரண்டும் பிசகு என்பது என் கட்சி. எங்கே பிசகு என்று சொல்ல, இசைத்தட்டைக் கேட்டாக வேண்டும்.

எந்தத் தட்டு என்பதில் சந்தேகமே இல்லை. 1958 ஜனவரி 16 அன்று சிகாகோவின் பெர்ஷிங் ஓட்டலில் பதிவானது. பியானோவில் 27 வயது ஜமால், பேஸில் இஸ்ரேல் கிராஸ்பி, டிரம்ஸில் வெர்னல் ஃபோர்னியே. பதிவான 43 உருப்படிகளில் எட்டை மட்டும் பொறுக்கி ‘பட் நாட் ஃபார் மீ’ என்ற பெயரில் ஆர்கோ நிறுவனம் வெளியிட்டது. பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 100 வாரங்களைத் தாண்டி நின்றது. வாய்ப்பாட்டு இல்லாத ஒரு மூவர் குழுவுக்கு இது நம்ப முடியாத வெற்றி. விமர்சகர்களின் எரிச்சலில் பாதி இந்த விற்பனையின் மேல்தான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. தட்டில் உள்ள ‘மியூசிக், மியூசிக், மியூசிக்’ வெறும் குறும்பு. மேல் ஸ்தாயியில் சலங்கை போல் கிணுகிணுப்பு, சட்டென்று ஒரு நிறுத்தம், மறுபடியும் கிணுகிணுப்பு. முதல் முறை கேட்கும்போது சிரிப்பு வருகிறது. நாலாம் முறை அந்த ‘சட்டென்று’ எங்கே வரும் என்று காது முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. ஆச்சரியத்தை நம்பி வாசிக்கும் இசைக்கு இது சின்னக் குறையல்ல.

ஆனால் எட்டு நிமிஷம் ஓடும் ‘பாயின்சியானா’வை இந்தக் கணக்கில் அடைக்க முடியாது. நாட் சைமன் இசையமைத்த 1936-ஆம் வருஷத்துப் பாட்டு அது. ஃபோர்னியே நியூ ஆர்லியன்ஸ்காரர். ஊர்வல மேளங்களின் நடையைக் கைக்குள் வைத்திருந்தவர். ஒரு கையில் பஞ்சுத் தலைக் கோல், ஒரு கையில் குச்சி. இரண்டு பேர் வாசிப்பதாகத்தான் காது நம்பும். அதன் கீழே கிராஸ்பி ஒரு சிறிய சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுழல்கிறார். ஜமால் மெட்டை முழுசாகத் தருவதில்லை. ஒரு துண்டைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அடுத்த துண்டு வர வேண்டிய இடத்தில் தாளம் மட்டும் நடக்கிறது. கேட்பவர் அந்த இடத்தைத் தன் மனசுக்குள்ளேயே பாடி நிரப்பிக்கொள்கிறார். நம் கச்சேரிகளில் ஒரு நல்ல கார்வை செய்கிற வேலை இது.

ஒரு முறை ‘பட் நாட் ஃபார் மீ’ பாட்டைப் பியானோவைக் கவனிக்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு கேட்டேன். கிராஸ்பியின் பேஸை மட்டும் பின்தொடர்ந்தேன். அது பக்கவாத்தியமாகவே இல்லை. பியானோ ஓய்கிற இடங்களில் பேஸ் தன் பங்குக்கு இன்னொரு மெட்டைக் கட்டிக்கொண்டு போகிறது. 1935-இல், பதினாறு வயதில், ஜீன் க்ருபா குழுவோடு தட்டில் வாசித்தவர் கிராஸ்பி. ஜமால் அடக்கி வாசித்தார் என்றால், விட்ட இடம் வீணாகாது என்ற உறுதியில்தான் விட்டார். தனித்து ஒரு பியானோ இத்தனை மௌனம் காத்தால் கச்சேரி படுத்துவிடும்.

செல்வாக்கைப் பொறுத்தவரை ஊகமே தேவையில்லை, சாட்சி தட்டுகளிலேயே கிடக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வெளிப்படையாகவே ஜமாலின் ரசிகர். 1956-இல் அவருடைய குழுவின் பியானோக்காரர் ரெட் கார்லண்ட் ஜமாலின் ‘அகமட்ஸ் ப்ளூஸ்’ பதிவு செய்தார். 1957-இல் கில் எவன்ஸ் ஜமாலின் ‘நியூ ரும்பா’வை ஒரு பெரிய குழுவுக்கு விரித்து எழுத, அது டேவிஸின் ‘மைல்ஸ் அஹெட்’ தட்டில் இடம் பிடித்தது. மார்டன் கூல்டின் ‘பவான்’ என்ற உருப்படியை ஜமால் 1955-இல் கிட்டார்க்காரர் ரே கிராஃபோர்டோடு பதிவு செய்திருந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘இம்ப்ரெஷன்ஸ்’ மெட்டின் வேர் அந்த உருப்படியில் இருக்கிறது. கோல்ட்ரேனின் மெட்டு பின்னால் வந்தது; மற்றவை எல்லாம் பெர்ஷிங் தட்டின் புகழுக்கு முந்தைய சங்கதிகள். அதாவது விமர்சகர்கள் ஒதுக்குவதற்கு முன்பே வித்வான்கள் எடுத்துக்கொண்டாகிவிட்டது.

அப்படியானால் கிரௌச் சொன்னதுதான் சரியா? இல்லை. குறைவாக வாசித்து நிறையச் சொல்வதை ஜமால் கண்டுபிடிக்கவில்லை. கவுண்ட் பேசி முப்பதுகளிலேயே அதைச் செய்துகொண்டிருந்தார். பியானோக்காரர் தெலோனியஸ் மோங்க்கின் மௌனம் ஜமாலுடையதைவிடக் கரடுமுரடானது, ஆழமானது. ஜமாலின் சொந்தச் சரக்கு வேறு. மெட்டு, பிறகு ஆளுக்கொரு தனி, பிறகு மறுபடி மெட்டு என்ற பழைய அடைவை அவர் கலைத்தார். பாட்டின் நடுவே சுழலும் தாளக்கட்டு, எதிர்பாராத இடைப்பகுதி, மூவருக்கும் முன்கூட்டி வகுத்த இடங்கள் என்று ஒரு மூவர் குழுவைச் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவாக யோசித்தார். பிட்ஸ்பர்க்கில் அவருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த மேரி கார்ட்வெல் டாசன் ஒரு ஆபெரா நிறுவனத்தையே தொடங்கி நடத்தியவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அடைவைக் கலைத்ததும் பெரிய காரியம்தான். பார்க்கர் பக்கத்தில் உட்கார வைக்க அது போதாது.

என் தீர்ப்புக்கு வலுவான ஆதாரம் 1962. அந்த வருஷம் குழு கலைந்தது. ஆகஸ்டில் கிராஸ்பி இறந்துபோனார், வயது 43. சில காலம் கழித்து ஜமால் புதுத் துணையோடு மேடைக்கு வந்தபோது பியானோ மாறியிருந்தது. சுரங்கள் அடர்ந்தன, இடி முழக்கம் வந்தது, விரல் வேகம் முன்னே நின்றது. மோசமான வாசிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 2023-இல் 92 வயதில் மறையும்வரை அவர் பெரிய கலைஞர்தான். ஆனால் பெர்ஷிங்கில் கேட்ட அந்த நம்பிக்கையான மௌனம் திரும்பவில்லை. ஆகவே அந்தத் தட்டை ஜமாலின் தனிச் சாதனை என்று எழுதுவது கிராஸ்பிக்கும் ஃபோர்னியேவுக்கும் செய்யும் அநியாயம். மூன்று பேர் சேர்ந்து கட்டிய வீடு அது. மனையைக் கோடு போட்டுக் கொடுத்தவர் ஜமால்.

பிற்காலத் தட்டுகளில் ஒன்றை மட்டும் அதன் அருகில் வைப்பேன்: 1970-இன் ‘தி அவேக்கனிங்’. அதில் ‘ஐ லவ் மியூசிக்’ என்ற உருப்படியில் பெரும்பகுதி ஜமால் தனியாக வாசிக்கிறார். அதிலிருந்து சில விநாடிகளை வெட்டி எடுத்து, 1994-இல் தயாரிப்பாளர் பீட் ராக், ராப் பாடகர் நாஸுக்கு ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ அமைத்தார். அந்தத் துண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. பியானோ சில சுரங்களைப் போட்டுவிட்டு விலகுகிறது, விலகிய இடத்தில் நாஸ் பேசுகிறார்.